இடப்பக்கத்துக் கார்

ஒரு காருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்பேர்ணில் ஒரு கார்த் தொழிற்சாலையின் களிமண் அறைக்குள் காலடி வைத்த அன்றுதான் அப்படி இல்லை என்று கண்டேன். அறையின் நடுவில் முழு அளவில் ஒரு கார் நின்றது. மண்ணிறம். கதவு திறக்காது, உள்ளே இருக்க இடமில்லை, எஞ்சின் இல்லை. மரச்சட்டத்தின் மேல் அப்பிச் சுரண்டின களிமண். சில்லு மட்டும் ரயர் பூட்டின உண்மையான சில்லு. முன்னால் போய் நின்று பார்த்தேன். முன் விளக்குகளில் ஒரு கண் வட்டம், மற்றக் கண் சதுரம். யாரோ பிழை விட்டிருக்கிறார்கள், புதிதாக வந்தவன் தலையில் போடப்போகிறார்கள் என்று பயந்தேன்.

பிழை இல்லையாம். அங்கே அதுதான் வழக்கமாம். ஒரு காரைக் களிமண்ணில் செய்து முடிக்க எத்தனையோ கைகள் எத்தனையோ கிழமைகள் வேலை செய்ய வேண்டும். அதனால் ஒரே உடம்பில் இரண்டு பேருடைய யோசனையைச் செய்து விடுவார்கள். இடப்பக்கம் ஒருவருடைய கார், வலப்பக்கம் இன்னொருவருடைய கார். கொம்பனிப் பெரியவர்கள் வந்து சுற்றிப் பார்த்து ஒரு பக்கத்தைத் தெரிவு செய்வார்கள். பிறகு வென்ற பக்கத்தை அளந்து மற்றப் பக்கத்தையும் அதைப்போலவே வெட்டுவோம். தோற்ற பக்கத்தின் மண் போறணைக்குப் போகும்.

போறணை என்று நான்தான் சொல்வது. அந்தக் களிமண் எங்கள் ஊர்க் களிமண் இல்லை. மெழுகும் கந்தகமும் சேர்ந்தது. ஆறினால் கல். பாண் வேகவைக்கிற மாதிரி ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கினால் குழைந்து கைக்கு வரும். காலையில் அந்தப் பெட்டியை மூட்டுவதும், சூட்டு மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து அப்புவதும், சுரண்டி விழுந்ததைப் பொறுக்கித் திரும்ப உள்ளே போடுவதும், பின்னேரம் அணைப்பதும் என் வேலை. அணைத்தேனா என்ற யோசனை பஸ் தரிப்பிடத்தில் வந்து பிடிக்கும். திரும்பி நடந்துபோய்ப் பார்ப்பேன். அணைந்துதான் இருக்கும். அறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எனக்குக் காலையில் "குட் மோர்னிங்" சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "மேட், அடுப்பை அணைச்சிட்டியோ?" என்பதுதான் எனக்குக் கிடைத்த வணக்கம். அப்படி அவர்கள் பகிடிக்குக் கேட்டாலும் நான் முந்தின பின்னேரத்தை ஒரு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் நசுங்கின கார்களுக்குத் தகரம் தட்டிப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியா எங்கள் நிறத்து ஆட்களுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது. திறந்த கதவால் உள்ளே வந்தது என் மனைவி. அவ தாதி, படித்தவ. நான் அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவன். பிரெஸ்ரனில் ஒரு பிளாட். அவ ஆஸ்பத்திரியால் வந்தால் டெற்றோல் மணம், நான் தொழிற்சாலையால் வந்தால் கந்தக மணம்.

"இஞ்சருங்கோ, கூழ்முட்டை மணக்குது. முதல்ல போய்க் குளிச்சிட்டுக் குசினிக்குள்ள வாங்கோ" என்று வாசலிலேயே மறிப்பா.

அந்த அறையில் என்னோடு இருந்து கதைத்தவர் ஒருவர்தான். அவர் இத்தாலிக்காரர், கார்களுக்கு வடிவம் கீறுகிறவர். ஐம்பதைத் தொட்ட வயது. எந்த நாளும் மடிப்புக் குலையாத சேர்ட். கறுப்பு நிற ஒட்டுநாடாச் சுருளை வளையல்போல் மணிக்கட்டில் போட்டிருப்பார். சுவரில் ஒட்டின வெள்ளைத் தாளில் அந்த நாடாவை இழுத்து இழுத்து ஒட்டி முழு அளவுக் காரைக் கொண்டுவருவார். அவர் கீறுகிற கார் எல்லாம் தாளின் இடது கரையைப் பார்த்துத்தான் ஓடும். நாடா ஒரு மயிரளவு பிசகினால் உரித்தெடுத்து மீண்டும் தொடங்குவார். என்னை அவர் "சிலோன்" என்றுதான் கூப்பிட்டார். அவருடைய ஆங்கிலமும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. உடைந்த இரண்டும் பொருந்தி எப்படியோ கதை ஓடியது.

தூரின் நகரத்தில் பிறந்தவர். தகப்பன் அங்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்கக் கதவு பூட்டினவர். மகன் இளம் வயதிலேயே கார் உடம்பு செய்கிற ஒரு பெரிய பட்டறையில் பென்சில் சீவச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கீறப் பழகி, கடைசியில் கீறுகிறவர்களோடு ஒருவராக இருந்துவிட்டார். ஆனால் அந்தப் பட்டறையில் யார் கீறினாலும் கார் வெளியே போகிறபோது முதலாளியின் பெயரோடுதான் போகும். அதுவும் முழுக் காரை ஒருவரிடம் கொடுக்கமாட்டார்கள். ஒருவருக்கு முன் விளக்கு, ஒருவருக்குக் கதவுப் பிடி, ஒருவருக்குப் பின் கண்ணாடி.

"நான் வீட்ட போய் அப்பாவிட்டச் சொல்லுவன், இண்டைக்கு ஒரு விளக்குச் செய்தனான் எண்டு. அவர் கேப்பார், கார் எங்க எண்டு. நான் பூட்டின கதவு ஒரு கார்ல இருக்கு, நீ செய்த கார் எங்க? இதுதான் அந்த மனுசன் சாப்பிடேக்க என்னட்டக் கேக்கிற ஒரே கேள்வி."

அவுஸ்திரேலியாவுக்கு அவர் வந்தது அதற்காகத்தான். இங்கே ஒரு கொம்பனி முழுக் காரையே கீறத் தருகிறோம் என்று கூப்பிட்டது. வந்து பார்த்தால் முதல் வருடங்கள் சாம்பல்தட்டும் சில்லுமூடியும்தான். பிறகுதான் இந்தக் கார் வந்தது. சின்னக் குடும்பக் கார். அவருடைய ஒப்பந்தம் அந்த வருடம் டிசம்பரில் நத்தாரோடு முடிகிறது. தகப்பன் தூரினில் படுக்கையில். கார் ரோட்டில் ஓடுகிற அன்றைக்கு அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் பிடித்து அனுப்புகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய முழு வாழ்க்கையும் அந்த ஒரு களிமண் உடம்பில் வந்து நின்றது.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர் மெல்பேர்ணிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். நெடுவல், மென்மையாகக் கதைப்பவர். மற்றப் பக்கத்தைச் செய்யப்போகிறவர் அவர்தான். வேலை தொடங்கின அன்று அவர் இத்தாலிக்காரரிடம், "நீங்கள் எங்கட விருந்தாளி. எந்தப் பக்கம் வேணும்? நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

இத்தாலிக்காரர் தாளிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "இடப்பக்கம்" என்றார்.

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் நான் பயப்படாத விசயம் இல்லை. மண் வெடிக்குமோ, சட்டம் முறியுமோ, நான் தூக்கி வந்த மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்து அவருடைய கோடு குழிந்துவிடுமோ, என் கை வியர்வை மண்ணைக் கெடுத்துவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். இதுக்கு மட்டும் பயப்படவில்லை.

நான் அவருடைய பக்கத்துக்கு ஆளாகப் போடப்பட்டேன். மாதக்கணக்கில் அந்தப் பக்கத்தோடு இருந்தேன். முன்னால் நின்று பார்த்தால் ஒரு முகத்தில் இரண்டு ஆட்கள் இருப்பார்கள். அவர் ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்து மற்ற ஆளை மறைத்துவிட்டுத் தன் பாதியை மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டு, "சிலோன், கண்ணை மூடிக்கொண்டு கையை வையும்" என்பார். கதவிலிருந்து பின்பக்கம் வரைக்கும் உள்ளங்கையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கே கை தடக்குகிறதோ அங்கே சுரண்ட வேண்டும். கண் பொய் சொல்லும், அதுக்கு வெளிச்சம் கைக்கூலி கொடுக்கும் என்பார். நான் கண்ணை மூடினாலும் பயம் போகாது. ஆனால் அந்தப் பின் கண்ணாடி மூலைக்குக் கை வருகிறபோது மட்டும் ஏனோ ஒரு ஆறுதல். நித்திரையில் இருக்கிற ஆளின் தோளில் கை வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மனைவியையும் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அவரிடம் ஒரு பழைய சின்னக் கார். வீட்டு வாசலில் வந்து நின்றோம். அவர் திறப்பை எடுத்துக்கொண்டு நேரே இடப்பக்கக் கதவுக்குப் போய்த் திறந்தார். திறந்துவிட்டு உள்ளே பார்த்தார். ஸ்டியரிங் மற்றப் பக்கத்தில் இருந்தது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, இடுப்பை வளைத்து என் மனைவிக்குக் கையைக் காட்டினார், ஏறுங்கோ என்று.

என் மனைவிக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தீங்களோ? பொம்பிளையளுக்குக் கதவு திறந்து விடுறார். நீங்கள் எண்டைக்காவது எனக்கொரு கதவு திறந்திருக்கிறீங்களோ?"

"எங்களிட்ட எங்க கார் இருக்கு?" என்றேன்.

"பிளாட்டுக்குக் கதவு இல்லையோ?"

அவ சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "இந்த ஊருக்கு வந்து எவ்வளவு காலம், என்ர கால் இன்னும் அந்தப் பக்கம்தான் போகுது" என்றார். நாங்களும் சிரித்தோம். அத்தோடு விட்டுவிட்டோம்.

இத்தாலிக்காரர்களின் கடைகள் நிறைந்த தெரு. கோப்பி குடித்துவிட்டு நடக்கிறபோது ஒரு நீல நிறக் கார் ஓரமாக நின்றது. அவர் சட்டென்று நின்றார். பிறகு பின்பக்கமாகப் போய்க் குந்தி, பின் கண்ணாடியும் தகரமும் சேருகிற மூலையில் கையை வைத்தார்.

"சிலோன், இஞ்ச வாரும். இதில கை வையும். இது என்ர. தூரினில செய்தது."

கை வைத்தேன். அந்தத் தோள்தான். களிமண்ணில் நான் நாளும் தடவுகிற அதே வளைவு. என் மனைவியையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். மூன்று பேரும் யாருடையதோ ஒரு காரின் பின்புறத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறோம். இரண்டு பேர் கறுப்பு. யாராவது பொலிசைக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"போதும், வாங்கோ போவம்" என்று சொல்லி முடிக்கவில்லை, எதிர்க் கடையிலிருந்து இறைச்சி வெட்டுகிற மேலங்கியோடு ஒரு ஆள் ஓடி வந்தான். கார்க்காரன். அவனும் இத்தாலிக்காரன். இருவரும் தங்கள் பாசையில் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். இவர் மூலையைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார். இறைச்சிக்காரன் ஒரு பெரிய சிரிப்புச் சிரித்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நீதான் இதைச் செய்தனி எண்டா, பாப்பரசருக்குத் தொப்பி தைச்சது நானாம்."

அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கார் வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்தார். கார் வந்ததும் மறுபடியும் இடப்பக்கம்தான் போனார். இந்தமுறை ஒருவரும் பகிடி விடவில்லை.

பெரியவர்கள் பார்வைக்கு வருகிற நாள் வந்தது. வெய்யில் தொடங்குகிற மாதம். வடக்கிலிருந்து அனல் காற்று. மண்ணுக்கு மேல் வெள்ளி நிறப் படலத்தை ஈரத்தோடு இழுத்து ஒட்டியிருந்தோம். ஒட்டினால் களிமண் என்று யாரும் சொல்லமாட்டார்கள், தகரம்போல மின்னும். ஆனால் வெய்யில் பட்டால் அடியில் குமிழ் எழும்பும். முதல்நாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கார் அவற்ர. வயித்தால போறது உங்களுக்கோ?" என்றா என் மனைவி.

"குமிழ் வந்தா?"

"வந்தா ஊசியால குத்துங்கோ. ஆஸ்பத்திரியில நாங்கள் என்ன செய்யிறம்?"

அதனால் காலையில் சேர்ட்டுப் பையில் ஒரு ஊசியோடு போனேன். பகிடி இல்லை, உண்மையாகவே போனேன். சுற்றிவர உயரமான மதில் எழுப்பின ஒரு முற்றம் இருந்தது, வெளியாட்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி. அங்கே காரைத் தள்ளிக்கொண்டு போய், முகத்தை வாசலுக்கு நேரே வைத்து நிறுத்தினோம். வருகிறவருக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும், ஒருவருக்கும் அநியாயம் நடக்கக்கூடாது என்று தலைமை வடிவமைப்பாளரே கயிறு பிடித்துப் பார்த்தார். இத்தாலிக்காரர் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும். கலியாணத்துக்குப் போகிறவர்போல இருந்தார். இடப்பக்கக் கதவடியில் போய் நின்றார். நான் அவருக்குப் பின்னால், ஈரத்துணியும் ஊசியுமாக.

வாசல் திறந்து பெரியவர்கள் வந்தார்கள். முன்னால் ஒரு பருத்த மனிதர், அவர் சொல்வதுதான் முடிவு. அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கொஞ்ச நேரம் முன்னால் நின்று அந்த இரட்டை முகத்தைப் பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள். எல்லாரும் காரின் வலப்பக்கம் நடந்தார்கள்.

ஒருவரும் யோசித்து நடக்கவில்லை. வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற ஆள் எப்படித் தன் காரடிக்குப் போவானோ அப்படிப் போனார்கள். இந்த நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். அவர்களெல்லாரும் வாழ்நாள் முழுக்க அந்தக் கதவால் ஏறி இறங்கினவர்கள். பருத்த மனிதர் கதவுப்பிடி இருக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோனார். திறக்காது என்று தெரிந்தும் முழங்காலைக் கொஞ்சம் மடித்து ஏறுகிற மாதிரிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். தலைமை வடிவமைப்பாளர் மென்மையாக ஏதோ விளங்கப்படுத்தினார். கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னார். குந்திப் பார்த்தார்கள், எட்ட நின்று பார்த்தார்கள்.

இந்தப் பக்கத்தில் நாங்கள் இருவரும்தான். கூரைக்கு மேலால் அவர்களுடைய தலைகள் மட்டும் தெரிந்தன. இத்தாலிக்காரர் உதடு அசையத் தான் சொல்ல வைத்திருந்த ஆங்கிலத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெய்யில் எங்கள் பக்கத்தில்தான் ஏறியது. நான் குமிழைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு குமிழும் இல்லை. அந்தப் படலம் அவ்வளவு வடிவாக இருந்தது, அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வருவினம்" என்றார் என்னைப் பார்க்காமல்.

வந்தார்கள்தான். அப்போது அவர்களுக்கு வியர்த்து, கோட்டுகளைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். அவர் சொல்லத் தொடங்கினார். பருத்த மனிதர் தலையாட்டினார். "வடிவு. சரியான வடிவு" என்றார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "இது மனிசிமார் ஏறுற பக்கமெல்லோ? மனிசிக்குப் பிடிக்கும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். குளிராக ஏதாவது குடிக்க உள்ளே போனார்கள்.

இத்தாலிக்காரர் தன் வசனத்தின் பாதியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய முகத்தை நான் அப்போது பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கார் கூரைக்கு மேலால் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு தன் காலடியைப் பார்த்தார்.

"சிலோன், உங்கட ஊரில ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"எப்பவுமோ?"

"ஓம். எப்பவும்."

அவர் தலையை ஆட்டினார். அவருடைய ஊரில் அது இடப்பக்கம் என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்து சொன்னார்கள், வலப்பக்கம்தான் என்று. அந்தப் பக்கமும் மோசமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தானே அதுக்குள் ஏறி இருக்கிறதைக் கண்ணால் கண்டதாகப் பருத்த மனிதர் சொன்னாராம். தலைமை வடிவமைப்பாளர் வந்து இவருக்குக் கை கொடுத்தார். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்ட அன்றைக்கு அவருக்கு இது தெரிந்துதான் கேட்டாரோ, தெரியாமல்தான் கேட்டாரோ, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கயிறு பிடித்துச் சமன் பார்த்தவர். தெரிந்து செய்கிற முகமில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து நான் என்னத்தைக் கண்டேன்.

அடுத்த நாள் இடப்பக்கத்தை வெட்டிக் கழிக்க வேண்டும். படலத்தை உரித்தேன். கீழே மண் ஈரமாக, அந்தக் கோடுகள் அப்படியே இருந்தன. சுரண்டியைக் கையில் எடுத்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அறையிலிருந்த வெள்ளைக்காரர்களும் அன்றைக்கு அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள்.

அவர் வந்தார். கோட்டு இல்லை, வழக்கமான சேர்ட். என் கையிலிருந்து சுரண்டியை வாங்கினார். நேரே பின் கண்ணாடி மூலைக்குப் போனார். ஒரே இழுவை. பெரிய சுருளாக மண் கழன்று நிலத்தில் விழுந்தது. மற்றவர்கள் கதவில் தொடங்குவார்கள், இவர் அங்கே தொடங்கினார். பிறகு சுரண்டியைத் திருப்பி என் கையில் தந்தார்.

"மிச்சத்தை நீர் செய்யும். கெதியாச் செய்யும், அடுப்பு மூட்டிக் கிடக்கு."

செய்தேன். பொறுக்கிப் போறணைக்குள் போட்டேன். அது உருகிக் குழைந்து வர, அதே மண்ணை எடுத்து அதே பக்கத்தில் மற்றவருடைய காரை அப்பினோம். அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்திலிருந்து நான் திரும்பிப் போகவில்லை. அடுப்பு அணைந்ததா எரிகிறதா என்ற யோசனையே வரவில்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டா.

"நாங்கள் அண்டைக்குச் சிரிச்சனாங்களெல்லோ" என்றா. "கதவு திறந்து விடுறார் எண்டு."

நத்தாரோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அவர் போன அன்று மணிக்கட்டு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது அங்கே கனகாலம் கிடந்தது.

இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு, அவர் டண்டினோங் பக்கம் ஒரு கரவன் செய்கிற இடத்தில் கீறுகிறார் என்று கேள்விப்பட்டு நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை போனோம். அப்போது எங்களிடமும் ஒரு பழைய கார் இருந்தது. விடுமுறைக்குக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடுகள், வெள்ளை வெள்ளையாக வரிசைக்கு நின்றன. அவருக்கு உடம்பு இளைத்துப் போயிருந்தது. எங்களைக் கண்டதும் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டினார். உள்ளே சமைக்கக் குசினி, மடிக்கிற கட்டில், அலுமாரி.

"முழுக்க நீங்கள்தான் கீறினதோ?" என்று கேட்டேன்.

"முழுக்க. ஆணி வரைக்கும்."

"அப்ப உங்கட ஆசை நிறைவேறிப்போச்சு" என்று என் மனைவி ஆறுதலுக்குச் சொன்னா.

"ஓம், எஞ்சின் ஒண்டுதான் இல்லை" என்றார். பிறகு கரவனின் கதவைத் தட்டிக் காட்டினார். "பாரும், சிலோன். இதுக்குக் கதவு இடப்பக்கம். ரோட்டோரத்தில நிப்பாட்டினா அந்தப் பக்கத்தாலதான் இறங்கவேணும். இஞ்ச எல்லாரும் என்ர பக்கத்துக்கு வந்துதான் ஆகவேணும்."

நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகப்பன் எப்படி என்று கேட்டேன்.

"போயிட்டார். போன மாரிக்கு முந்தின மாரி. நல்லதாப் போச்சு. அவருக்குக் கரவனைக் காட்டவேண்டி வரேல்லை."

அதன் பிறகு ஒருமுறை தேடிப் போனபோது ஆள் அங்கே இல்லை. தூரினுக்கே திரும்பிவிட்டார் என்றார்கள். அங்கே என்ன செய்தார், யார் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. களிமண் அறையில் செய்த அந்தக் கார் ரோட்டுக்கு வந்து எங்கும் ஓடியது. எங்கள் பிளாட்டுக்குக் கீழேயும் ஒன்று நின்றது. அதனுடைய இடப்பக்கத்தைக் கடக்கிறபோது நான் கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

அந்த எழுபதுகளின் கடைசியில் மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக்குச் சிட்னிக்குப் போனோம். ஹியூம் நெடுஞ்சாலை அப்போது அனேகமான இடங்களில் ஒற்றைப் பாதைதான். முன்னால் ஒரு கரவன். யாரோ ஒரு குடும்பம் தங்கள் காரில் கட்டி இழுத்துக்கொண்டு ஆறுதலாகப் போகிறது. அதன் பின்பக்க மூலையைக் கண்டேன். கண்ணாடியும் உடம்பும் சேருகிற அந்த இடம், என் கைக்குத் தெரிந்த அந்தத் தோள். ஒருவரும் பெட்டிக்கு அப்படி ஒரு தோள் வைக்கமாட்டார்கள். அதில் யாருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை, செய்த கொம்பனியின் பெயர் மட்டும்.

"இஞ்சருங்கோ, ஏன் இதுக்குப் பின்னால தொங்கிக்கொண்டு போறீங்கள்? முன்னால பாதை வெளிச்சுக் கிடக்கு. முந்துங்கோவன்."

"ஓம். முந்துவம்."

"எப்ப?"

கரவனின் பிறேக் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. வயர் கழன்றிருக்குமோ, கொழுக்கி சரியாக மாட்டியிருக்கிறார்களோ, இறக்கத்தில் ஆடுமோ என்று யோசித்துக்கொண்டே போனேன். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, அங்கே அவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றா. நான் ஓம் என்றேன். முந்தவில்லை.